படம் மாறும் வேகம்

மார்ச் 3, செவ்வாய்

மூடுபனி ஏரிப் படங்களை ஒருவழியாக வரிசைப்படுத்தி முடித்தேன். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு லென்ஸ் அறுக்கிறவள், காலையில் கொஞ்ச நேரமாவது தன் கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டாமா? அதற்காகத்தான் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே பேருந்திலிருந்து இறங்கி கேமராவும் கையுமாக ஏரிக்கரையோடு நடக்கிறேன்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற இசை ஒன்றை எடுத்துக் கீழே ஓடவிட்டேன். படம் ஒன்றுக்கு ஐந்து விநாடி. பனி, படகு, பனிக்குள் படகு, படகு இல்லாத பனி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரருக்கும் கலங்கியது. அவருக்குக் கொட்டாவியால்.

"நல்லாத்தான் இருக்கு. இதுல யாராவது வருவாங்களா?" என்றார்.

ஏரிப் படத்தில் யார் வரணுமாம்?

மார்ச் 8, ஞாயிறு

வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு அண்ணி, வந்துவிட்டார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டு, கட்டோடு தனியாகச் சமாளித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டபோதெல்லாம் "நான் என்ன குழந்தையா?" என்று ஒரே பிடிவாதம். இன்று தம்பி நேராகப் போய், தான் ஓட்டுகிற ரொட்டிக் கம்பெனி வேனிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கூடவே வயலின் பெட்டி.

"துணியெல்லாம் பன் வாசனை அடிக்குது" என்றார் அண்ணி, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே. முப்பது வருஷமாக வயலின் சொல்லிக்கொடுக்கிறவர். வாய்க்குச் சொல்லவே வேண்டாம்.

சாயங்காலம் என் ஏரிப் படத்தைப் போட்டுக் காட்டினேன். பாதியில், "படம் இருக்கட்டும். அந்தச் சத்தத்தை அணைக்கிறியா, இல்ல நான் திரும்ப வேன்ல ஏறட்டுமா?" என்றார்.

வந்த முதல் நாளே!

மார்ச் 17, செவ்வாய்

கட்டு பிரித்தார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. ஆனால் கை மரக்கட்டையாக இருக்கிறது. விரல்கள் பாதிதான் மடங்குகின்றன. உள்ளங்கையை முகத்துக்கு நேராகத் திருப்பவே முடியவில்லை. வயலின் பிடிக்க அதுதான் வேண்டும்.

பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபி பெண் ரொம்பச் சின்னவள். "கைக்கண்ணாடி பார்க்கிற மாதிரி உள்ளங்கையைப் பாருங்கம்மா, தினமும்" என்றாள். "அதுல பார்க்க என்ன இருக்கு?" என்றார் அண்ணி.

வீட்டுக்கு வந்ததும் தம்பியிடம் நிதானமாகச் சொன்னார். "அந்தப் பெட்டியை என்கிட்டப் படிச்ச பொண்ணு வீட்டுல குடுத்துடு. அவகிட்ட நல்ல வயலின் இல்ல."

இவர் வேன் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்புறம், "வேன்ல இடம் இல்லக்கா" என்றார்.

மார்ச் 22, ஞாயிறு

தினமும் கேட்கிறார். தினமும் வேனில் இடம் இல்லை. சாயங்காலம் அந்த வேனில் காற்றைத் தவிர ஒன்றும் கிடையாது என்பது மூன்று பேருக்குமே தெரியும்.

கைப்பயிற்சி செய்வதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். எனக்குக் கோபம் கோபமா வருது. ஒரு கை திரும்பலைன்னா வாழ்க்கையே போச்சா? ஆனா என் கண்ணு போச்சுன்னா நான் மட்டும் எழுந்து ஆடுவேனா?

மார்ச் 29, ஞாயிறு

ஒரு யோசனை வந்தது. படத்தை மட்டும், சத்தமில்லாமல், அவர் கட்டிலுக்கு எதிரே ஓடவிட்டேன். "அண்ணி, ஒரு படத்துக்கு உள்ளங்கை மேல. அடுத்த படத்துக்குக் கீழ. வேற ஒண்ணும் வேண்டாம்."

"உன் படத்தை நான் பார்க்கணும், அதுக்குத்தானே இந்த வேஷம்?"

ஆமாம், அதுக்கும்தான். மலை வந்தது, கை மேலே. வயல் வந்தது, கை கீழே. முனகிக்கொண்டே முழுவதும் செய்தார். வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒருத்தர் என் படங்களைக் கடைசிவரை தூங்காமல் பார்த்திருக்கிறார்!

ஏப்ரல் 5, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கணும்.

கூடத்தில் ஏரிப் படத்துக்கு வேறொரு இலவச இசையைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல். "சுருதியே சேரலை. அந்தப் படகு என்ன பாவம் பண்ணுச்சு?" கொஞ்ச நேரத்தில் அவரே வந்தார், வலது கையில் பெட்டியோடு. தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, வயலின் தலையைப் பாதத்தில் ஊன்றிக்கொண்டார். இடது கையைச் சும்மா மடியில் வைத்துக்கொண்டார்.

"உன் கம்ப்யூட்டரை வாயை மூடச் சொல்லு."

இசையை நிறுத்தினேன். வில்லை எடுத்து ஒரே ஒரு கம்பியில் இழுத்தார். விரல் எதுவும் வைக்காமல், வெறும் கம்பி. நீளமாக, அடி வயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம். திரையில் பனி. படம் மாறியபோது அடுத்த கம்பிக்குப் போனார். படகு.

என் பனி அசைந்த மாதிரி இருந்தது. சத்தியமாக. நானே எடுத்த படம், நூறு தடவை பார்த்த படம். அதில் பின்னால் ஒரு மரம் இருப்பதே இன்றுதான் கண்ணில் பட்டது.

"அஞ்சு விநாடி போதலை. வில் முடியறதுக்குள்ள மாறுது" என்றார். ஒன்பதாக்கினேன்.

இவர் வாசலில் ரொட்டித் தட்டோடு நின்றுகொண்டிருந்ததை நாங்கள் கவனிக்கவே இல்லை. "அக்கா..." என்றார். என்னவோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று பார்த்தால், "பன் வேணுமா?" என்றார். மூக்கு சிவந்திருந்தது.

ஏப்ரல் 6, திங்கள்

இன்று பெட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. "இன்னைக்கும் வேன்ல இடம் இல்லக்கா" என்று இவராகவே போய்ச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மூன்று பேரும் வேனில் மலைப்பாதைக்குப் போனோம். அண்ணி முன் சீட். நான் பின்னால் காலித் தட்டுகளுக்கு நடுவே, ஒவ்வொரு வளைவிலும் உருண்டுகொண்டு.

இப்போது ஆட்காட்டி விரல் கம்பியில் உட்காருகிறது. நடுவிரலும் எப்போதாவது. அதற்குள் அதிகாரம் தொடங்கிவிட்டது. நான் பள்ளத்தாக்கை எடுக்கப் போனால், "இதுக்குப் பாட்டு வராது. அந்தப் பக்கம் எடு" என்கிறார். அந்தப் பக்கம் மின்கம்பம், தொய்ந்துபோன கம்பிகள்! மின்கம்பியை மறைத்து எடுப்பதற்காக நான் முள்ளுக்குள் எல்லாம் இறங்கியிருக்கிறேன்.

"எடுன்னா எடு."

எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் இன்றைய படங்களிலேயே அதுதான் உருப்படி. சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

மே 3, ஞாயிறு

நூலகத்தின் கீழ்த்தளக் கூடத்தில் ஜூன் 6 அன்று உறுப்பினர்கள் தங்கள் பொழுதுபோக்கைக் காட்டலாமாம். போன வருஷமும் காட்டினேன். மலை, மலை, இன்னும் மலை. முன்வரிசையில் ஒரு பெரியவர் விட்ட குறட்டைதான் அன்றைக்குப் பின்னணி இசை.

அண்ணியை நேரில் வாசிக்கக் கேட்டேன்.

"இந்தக் கையை வச்சுக்கிட்டு நாலு பேர் முன்னாடியா? போ, போ."

அரை மணி நேரம் கழித்துச் சமையலறைக்கு வந்தார். "நீ விளக்கை அணைச்சுட்டுத்தானே காட்டுவே?"

"கும்மிருட்டு அண்ணி."

"யாருக்கும் கை தெரியாதுல்ல?"

பெயர் கொடுத்துவிட்டேன்!

மே 16, சனி

தினமும் ஒத்திகை. நடுவில் ஒரு பகுதி வேகமாகப் போகிறது. அங்கே மோதிர விரலும் சுண்டு விரலும் பின்தங்குகின்றன. படம் மாறிவிடுகிறது, அண்ணி முந்தைய படத்திலேயே நிற்கிறார். முகம் சுருங்கிப்போகிறது. பார்க்க முடியவில்லை.

அதனால் ஒரு வேலை செய்தேன். அந்த இடத்துப் படங்களுக்கு மட்டும் அவருக்குத் தெரியாமல் இரண்டு மூன்று விநாடி கூட்டிவிட்டேன். இன்று சரியாகப் பொருந்தியது. "பார்த்தியா, விரல் வந்துடுச்சு!" என்று என் தோளில் அடித்தார். நானும் பல்லைக் காட்டினேன்.

மே 24, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன்.

"நடுவுல வர்ற அந்தப் படகு ஏன் இவ்வளவு நேரம் நிக்குது?"

"தண்ணி அசையலை போல அண்ணி" என்றேன். விளையாட்டாகத் தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. காலால் தரையில் தாளம் தட்டிக்கொண்டே மறுபடி ஓடவிடச் சொன்னார். கடிகாரம் தோற்றுப்போகும் அந்தக் காலிடம். எல்லாம் புரிந்துவிட்டது.

"எனக்காக நிறுத்தி வச்சியா? என்கிட்டப் படிக்கிற எட்டு வயசுப் பிள்ளைக்குக்கூட நான் இப்படித் தாளத்தை இழுத்ததில்ல. விரல் வந்துடுச்சுன்னு நான் குதிக்கிறேன், நீ பார்த்துக்கிட்டு நிக்கிறே."

வயலினைப் பெட்டிக்குள் வைத்தார். பூட்டுகிற சத்தம் கேட்டது. "தம்பிகிட்டச் சொல்லு, நாளைக்கு எடுத்துட்டுப் போகட்டும்."

சாப்பிடவும் வரவில்லை. நல்லது செய்யறேன்னு போய் இப்படிக் கெடுத்து வச்சிருக்கேனே — என்ன புத்தி எனக்கு? அவங்க கேட்டாங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?

மே 25, திங்கள்

காலையில் இவர் வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணியின் அறை வாசலில் போய் நின்றார்.

"பெட்டியைக் குடுக்கா. இன்னைக்கு வேன் காலி."

எனக்குத் திக்கென்றது. நேற்றுவரை காலி வேனில் இடம் இல்லை என்ற மனுஷன்! அண்ணி பெட்டியைத் தூக்கினார். நீட்டினார். இவர் கைப்பிடியைப் பிடித்தார். அண்ணி விடவில்லை.

"இன்னைக்கு அந்தப் பொண்ணு வீட்டுல இருக்காதோ என்னமோ" என்றார்.

"இருக்கும்க்கா."

"நாளைக்குப் பார்க்கலாம், போ."

இவர் படியிறங்கும்போது என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இந்த ஆளுக்கு இவ்வளவு சாமர்த்தியம் இருக்குமென்று எனக்குத் தெரியாமல் போய்விட்டதே!

அப்புறம் நான் போய், "தப்புதான் அண்ணி" என்றேன். அண்ணி முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார். "கூட்டினதை எல்லாம் எடு. நான் படத்தைப் பிடிச்சுக்கிறேன்."

ஜூன் 2, செவ்வாய்

காலையும் மாலையும் அந்த நடுப்பகுதியை மட்டுமே. படம் ஜெயிக்கிறது. அண்ணி திட்டுகிறார். மறுபடி. இன்று ஒருமுறை அண்ணி ஜெயித்தார்.

ஜூன் 6, சனி

காலையில் புது உத்தரவு. "இப்ப எல்லாமே மெதுவாத் தெரியுது. மொத்தத்தையும் வேகமாக்கு." உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் நேரத்தைக் குறைத்தேன். கிளம்பணும்.

ஜூன் 7, ஞாயிறு

எங்கிருந்து ஆரம்பிப்பது?

கூடம் நிறைந்திருந்தது. எங்கள் கடை முதலாளி விற்காத ஃபிரேம் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். பிசியோதெரபி பெண் என் பக்கத்தில். முன்வரிசையில் அதே குறட்டைப் பெரியவர். விளக்கை அணைத்தார்கள். பனி வந்தது, வெறும் கம்பி. படகு. மலைப்பாதை, ஒரு விரல். மின்கம்பிகள் வந்தபோது யாரோ "அட" என்றார்கள். நடுப்பகுதி வந்தது. விரல்கள் நாலும் ஓடின. படத்துக்கு முன்னாலேயே போய் அங்கே நின்றுகொண்டு, வா வா என்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

அப்போது கடைசிப் படம் வந்தது. போனது. திரை இருண்டுவிட்டது.

அண்ணி பாட்டின் நடுவில் இருக்கிறார்.

ஐயோ! ஒவ்வொரு படத்துக்கும் நேரத்தைக் குறைத்தால் மொத்தமும் குறையும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். லென்ஸை மயிரிழை பிசகாமல் அறுக்கிறவளுக்குத் தெரியவில்லை! நடுப்பகுதியை மட்டுமே ஒத்திகை பார்த்ததில் முழுசாக ஒருதரம் ஓட்டிப் பார்க்கவும் தோன்றவில்லை. மறுபடி முதலிலிருந்து ஓடவிடலாமென்று மவுஸைத் தேடினேன். இருட்டில் என் கைமேல் இவர் கை வந்து உட்கார்ந்தது.

"விடு. கேளு."

கேட்டேன். ஒரு இருமல் இல்லை, நாற்காலி நகரவில்லை. இருட்டுக்குள் அண்ணி வாசித்துக்கொண்டே இருந்தார். முன்பு ஒத்திகையில் வாசிக்காதது எதையோ வாசித்தார். நான் அழுதேன், சந்தோஷமாக, மூக்கை உறிஞ்சாமல்.

விளக்குப் போட்டார்கள். கைதட்டல் நிற்கவே இல்லை. அண்ணிக்குக் கூச்சம் தாங்கவில்லை, முகத்தை மூடிக்கொண்டார். பிசியோதெரபி பெண் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"கையைப் பாருங்க அக்கா. இடது கை!"

இடது உள்ளங்கை முழுசாகத் திரும்பி அவர் முகத்தை மூடியிருந்தது.

வேனில் வரும்போது, படம் தீர்ந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "தெரியும். கண்ணை மூடியிருந்தாலும் வெளிச்சம் போனா தெரியாதா? படம் போனா நான் எதுக்கு நிறுத்தணும்?" என்றார்.

மறந்துவிட்டேனே — கிளம்பும்போது அந்தப் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா ஒரு படம் வச்சிருந்தீங்களேம்மா, அதுதான் பிரமாதம்" என்றார். எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 28, ஞாயிறு

அண்ணியை அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். புதன்கிழமையிலிருந்து பிள்ளைகள் வருகிறார்களாம். அடுத்த படத்துக்கு மழை வேண்டுமாம், மின்கம்பியும் இருக்கணுமாம்.

வழியெல்லாம் வயலின் பெட்டியை மடியிலேயே வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் வேன் முழுக்கக் காலியாக இருந்தது.