ரங்கன் மோர்ப் பந்தல்

பச்சையம்மாவுக்கு, உன் கிழவன் கன்னியப்பன் எழுதறது. முட்டி வலி எப்படி கீது? எனக்கு ஒண்ணுமில்ல, பல்லுதான் இன்னொண்ணு போச்சு. போன்ல சொன்னா நீ அழுவ, உன் கொரலக் கேட்டு நானும் அழுவேன். அதான் லெட்டர்.

மயிலாப்பூர்ல திருவிழா வந்துடுச்சு. மாடவீதி முனையில வருசா வருசம் நான் கட்ற மோர்ப் பந்தல் இந்த வாட்டி இல்ல. ரோட்டத் தோண்டிக்கினு கீறாங்கோ, கால் நட எடமில்லன்ட்டாங்கோ. சும்மா பாத்துட்டு வரலாம்னு போனேன். இன்னா கூத்து தெரியுமா? இல்லாத பந்தலுக்கு வெளியே ஜனங்க செருப்பக் கழட்டி வுட்டுட்டு நிக்குது! உள்ள சாமி படம் வெப்போமே, அந்தப் பழக்கம். நானும் கழட்டுனேன். எவனோ என் செருப்ப அடிச்சிக்கினு போய்ட்டான்.

அந்தத் தெரு ஜலஜா மாமி வந்து, "கன்னியப்பா, ரங்கன் மோர் எங்கே? உம் புள்ள போனப்புறமும் அவன் பேரைச் சொல்லித்தானே குடிச்சிண்டிருந்தோம்"னாங்க.

"மேலோகத்துல ஊத்திக்கினு கீறான் மாமி, அங்க க்யூ பெருசு"ன்னேன்.

அவங்க சிரிக்கல. எனக்கும் சிரிப்பு வரல.

இந்த லெட்டரக் கொண்டாற மாணிக்கம் நாளைக்கே ஆரணிலேர்ந்து திரும்பறான். புள்ள மோர் ஊத்தின கரண்டிய அவங்கிட்ட குடுத்தனுப்பு. நீ தலமாட்டுல வெச்சிக்கினு தூங்கறது எனக்குத் தெரியும்டி. பந்தல் இல்லாட்டி இன்னா, நாளன்னிக்கி அறுபத்துமூவருக்கு அதே எடத்துல நின்னு நான் ஊத்தறேன். பத்திரமாத் திருப்பிக் கொண்டாந்து தரேன். என் பழைய செருப்பையும் அனுப்பு.

மாணிக்கம் வேன்ல ஆரன் அடிச்சிக்கினே கீறான். செருப்ப மறந்தாலும் பரவால்ல பச்ச, கரண்டிய மறந்துடாத.