கை கழுவாதவர் கட்டிலருகே வரக்கூடாது

மகளே,

இதில் உள்ளது எழுத்துக்கு எழுத்து உண்மை. இதை எழுதும் உன் அப்பாவின் மூக்குக்கண்ணாடி மேல் சத்தியம்.

"ஆஸ்பத்திரியில வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்கப்பா" என்று நேற்று கோபித்துக்கொண்டாய். அவர் சும்மாதான் இருந்தார். பெரிய டாக்டர், பக்கத்துக் கட்டில்காரரைத் தொட்ட கையோடு அம்மாவின் தையலைப் பார்க்க வந்தார். புண்ணில் கிருமி புகுந்தால் யார் பதில் சொல்வது?

"கை கழுவிட்டு வாங்க டாக்டர்."

"கழுவிட்டேன், பெரியவரே."

"நான் பாக்கலையே."

டாக்டர் போய்க் கழுவினார். தேய்த்த தேய்ப்பில் கைரேகை அழிந்து, அவருடைய செல்போனே அவரை யாரென்று கேட்டது. கூட வந்தவர்களும் குழாயடியில் வரிசை கட்டினார்கள். வரிசை தெருவரை நீண்டது. ஏதோ இலவசமாகத் தருகிறார்கள் என்று பஸ் டிரைவர் ஒருவர் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து நின்றார்.

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு. அம்மா பக்கத்தில் ஆளில்லை, சீக்கிரம் போ. உன் அப்பா ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் இருப்பார்.

பி.கு.: அம்மா கூப்பிட்ட அவசரத்தில் கை கழுவாமல் ஓடி, நர்சம்மாவிடம் மாட்டி, இன்று வார்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர் ஒரே ஒருவர். அது உன் அப்பா.