மொட்டு கிள்ளிய சனிக்கிழமை

சேசு மரி சூசை

அல்சூர், பெங்களூர்
23-5-63

அன்பு மகன் ஞானசேகரனுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீயும் பெர்னதெத்தும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் செபமாலையில் கேட்டுக்கொள்கிறேன். நான் சுகம். முழங்கால் வலி மட்டும் என்னோடு குடித்தனம் நடத்துகிறது, அதையும் சேர்த்தால் வீட்டில் இரண்டு பேர் ஆகிறோம். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இன்லண்டில் என் விஷயம் அடங்காது என்று கடையில் காகிதம் வாங்கி எழுதுகிறேன், பொறுமையாகப் படி, ஷிப்டுக்குப் போகும் அவசரத்தில் படிக்காதே.

உன் கடிதத்தை நாலு முறை படித்துவிட்டேன். பிலாயில் வெயில் தாங்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய், மோரில் கொஞ்சம் இஞ்சி தட்டிப்போட்டுக் குடி. பாப்பாவுக்கு முன்பல் விழுந்ததை எழுதியிருக்கிறாய், உனக்கு ஷிப்டு மாறியதை எழுதியிருக்கிறாய், புது குவார்ட்டர்ஸில் ஒரு அறை கூடுதல் என்றும் எழுதியிருக்கிறாய். கோந்து தடவும் ஓரத்தைக்கூடத் திருப்பிப் பார்த்தேன். அம்மா இங்கே எங்களோடு வந்துவிடு என்பதை மட்டும் காணவில்லை. அப்பா காலமான பிறகு நீ மூன்று தடவை கேட்டாய். முதல் தடவை வருஷ பூசை முடியட்டும் என்றேன். இரண்டாம் தடவை லில்லி இப்போதுதான் வேர் பிடித்திருக்கிறது என்றேன். போன கிறிஸ்துமஸுக்குக் கேட்டபோது லில்லிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று எழுதினேன். நாலாவது தடவையும் கேட்பாய் என்றுதான் இருந்தேன். மறந்துவிட்டாயா, சலித்துப்போய்விட்டதா, எனக்குத் தெரியவில்லை. அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், முதலில் லில்லி பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டு மௌரீன் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனபோது தன் தோட்டத்திலிருந்து டே லில்லி குத்து ஆறு கொடுத்துவிட்டுப் போனாள் என்று எழுதியிருந்தேன் அல்லவா. பூ ஒரு நாள்தான் இருக்கும் அல்போன்சா, ஆனா டெய்லி இருக்கும் என்று அவள் தமிழில் சொல்லிக் கொடுத்தாள். பின்புறம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் முழத்துக்கு ஒன்றாக வைத்தேன். மக்கின சாணியும் அடுப்புச் சாம்பலும் போடுகிறேன், அரிசி கழுவின தண்ணீர் முழுக்க அதற்குத்தான், மழை பெய்தால் நத்தை வந்துவிடும், அதையும் ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறேன். இந்த வருஷம் புதர் மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு தண்டிலும் பத்துப் பன்னிரண்டு மொட்டு, ஆரஞ்சுப் பழ நிறம். காலையில் ஒன்று விரிந்தால் இருட்டுவதற்குள் சுருங்கிவிடும், மறுநாள் அடுத்தது. எழுந்ததும் நேற்றைய பூவைக் கிள்ளிப் போட்டுவிட்டு இன்றைக்கு எத்தனை என்று எண்ணுவது என் வேலை. ஒருநாள் முப்பத்தொன்று. அதை யாரிடம் சொல்வது? குழாய் பார்க்க வந்த வீட்டுக்காரர் கிருஷ்ணப்பாவைப் பிடித்துவைத்துக் காட்டினேன். அவர் நன்றாகப் பார்த்துவிட்டு, இது சாம்பாருக்கு ஆவுமாம்மா என்று கேட்டார். சிரித்தேன், ஆனால் அவர் போன பிறகு கதவைச் சாத்தும்போது அழுகை வந்தது. அந்த வாரம் பால்காரரிடம் அரைச் சேர் போதும் என்று சொன்னதைத் தவிர நான் வாயைத் திறந்து பேசியது அது ஒன்றுதான்.

மே மாதம் மாதா பீடத்துக்குப் பூ வைக்கிற முறை எங்கள் பங்குப் பெண்களிடம் வாரத்துக்கு ஒருவராக வரும், உனக்குத் தெரியும். போன ஞாயிறு என் முறை. எல்லாரும் கடைச் சம்பங்கியும் ரோஜாவும் வாங்கி வைப்பார்கள், நான் என் தோட்டத்து லில்லியை வைக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிவைத்தேன். அதோடு ஒரு கருத்தும் வைத்து நேர்ந்துகொண்டேன், இனி ஒளிப்பானேன், உன் அடுத்த கடிதத்தில் வா என்று இருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கருத்து. முதல் பூசை ஆறு மணிக்கு என்பதால் பீடத்தைச் சனிக்கிழமையே அலங்கரித்துவிடுவது வழக்கம். சனிக்கிழமை மதியம் பூத்த தண்டுகளை எல்லாம் அறுத்தேன். பூ ஒரு நாள் பூ என்று தெரியாமல் இல்லை, இரண்டு வருஷமாக வளர்க்கிறேன். வெயிலில் நிற்பதால் வாடுகிறது, கோயில் குளிர்ச்சியில் தண்ணீர் ஜாடியில் வைத்தால் காலை வரைக்குமாவது நிற்காதா என்று நானாகக் கணக்குப் போட்டுக்கொண்டேன். மாதா பீடத்தில் மலர்ந்த பூதான் வைப்போம், மொட்டு வைத்தால் அரைகுறை அலங்காரம் என்பார்கள். அதனால் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஒவ்வொரு தண்டிலும் மொட்டை எல்லாம் கிள்ளிப் போட்டுவிட்டு விரிந்த பூவை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன்.

சாயங்காலம் பீடம் ஜொலித்தது. காலையில் போய்ப் பார்த்தால் அத்தனையும் நனைத்துப் பிழிந்த துணி மாதிரி தொங்குகிறது. மணி அடிக்கிற தியோடர் வந்து, இன்னாம்மா, மாதாவுக்கு முன்னாடி எல்லாம் தூங்குது என்று கேட்டான். முன்வரிசையில் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பூசை கண்டேன், நற்கருணை வாங்கிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்தேன். பின்கதவைத் திறந்தால், நான் கிள்ளிப் போட்ட மொட்டுகளில் ஏழெட்டு அந்தக் கல்லிலேயே விரிந்து கிடந்தன. தண்ணீரும் இல்லை, தண்டும் இல்லை. நான் தண்டிலேயே விட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் விரிந்திருக்க வேண்டிய பூ. வெட்கமில்லாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன் சேகர். அவமானத்துக்கு அழுதேன் என்றுதான் முதலில் நினைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்த பிறகு எதற்கு அழுதேன் என்று தெரிந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். லில்லி எல்லாம் சாக்கு. ஒரு குடம் தண்ணீர் ஊற்ற இந்தத் தெருவில் ஆள் இல்லையா? கூப்பிட்ட உடனே மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தால் இதற்குத்தான் காத்திருந்தாள் என்று பெர்னதெத் நினைத்துக்கொள்வாளோ என்று ஒரு வீம்பு. இன்னொன்றும் உண்டு, நீ கெஞ்சிக் கெஞ்சி எழுதுவது எனக்குப் பிடித்திருந்தது. அந்த மூன்று கடிதத்தையும் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று பதில் எழுதிவிட்டு அடுத்த கடிதம் எப்போது வரும் என்று தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காத்திருப்பேன். பைத்தியக்காரத்தனம்தான். எனக்கு இங்கே தனியாக இருக்க முடியவில்லை. சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டால் பேச்சுச் சத்தமே கிடையாது, செபத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன், என் குரல் எனக்கே வேறு யாரோ மாதிரி கேட்கிறது. இன்னொரு தடவை என்னைக் கூப்பிடு. நீட்டி எழுத வேண்டாம், ஒரு கார்டில் வா என்று ஒரு வார்த்தை போதும். பெர்னதெத்துக்கு நான் வருவதில் இஷ்டமில்லை என்றால் அதையும் எழுதிவிடு. கோபப்பட மாட்டேன். படுவேன், ஆனால் இங்கேயே பட்டுக்கொள்வேன்.

பாப்பாவுக்கு விழுந்த பல்லை எறிந்துவிடாதே, எனக்கு வேண்டும். பெர்னதெத்தை வெயிலில் ரேஷனுக்கு நிற்கவைக்காதே, நீ போ. தேவமாதா உங்கள் மூன்று பேரையும் தன் கையணைப்பில் வைத்துக் காப்பாளாக.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நேற்று மண்வெட்டியை எடுத்து ஆறு குத்தையும் தோண்டிவிட்டேன். இலையைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, மண்ணை உதறி, நிழலில் உலர்த்திச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். அப்படியே மூன்று வாரம் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. கிருஷ்ணப்பா பார்த்துவிட்டு, எங்கேம்மா கிளம்பிட்டீங்க என்று கேட்டார். மகன் கூப்பிட்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லப் போவதில்லை. உன் கார்டு வந்துவிட்டால் அது பொய் இல்லை அல்லவா.

உன் அன்புள்ள அம்மா
அல்போன்சா