ஏழு வீட்டு மூச்சு

குடியேற்ற நாள் 412. காலை 06:10. ஆக்சிஜன் 20.8 சதம்.

செவ்வாய்க் கோளின் மூச்சுக்காற்றுப் பேரரசை ஒற்றை ஆளாகக் கட்டி ஆளும் மாமன்னன், அதாவது பாசிக்குளக் காவலன் சொரிமுத்து, இந்தக் குறிப்பேட்டைக் கண்டெடுக்கப்போகும் புண்ணியவானுக்கு எழுதுவது: இங்கு எல்லாம் நலம். குளம் பச்சை. என்ன பச்சை! பார்த்தால் தாமிரபரணி வெட்கப்பட்டுத் திரும்பி மலையேறிவிடும்.

இந்தப் பாசிதான் ஏழு வீட்டுக்கும் மூச்சு. பாசிக்குச் சாப்பாடு பாஸ்பேட் பொடி. வீட்டுக்கு வீடு மூட்டை பிரித்துக் கொடுத்தாயிற்று. முறை வரும் நாளில் அந்த வீடு ஒரு படி பொடியைத் தன் குழாய் வழியே குளத்தில் கொட்ட வேண்டும். அளந்து பார்க்க ஆள் கிடையாது. ஏழு வீடும் சொந்தக்காரர்கள். சொந்தக்காரனை அளப்பது மரியாதையில்லை என்று கூடிப் பேசி முடிவு செய்தோம்.

ஏழாவது வீடு என்னுடையது. இன்று என் முறை. முக்கால் படி போட்டேன். கால் படி என் முருங்கைக்குப் போனது. இதையெல்லாம் பாசி கவனிக்காது.

நாள் 431. பகல் 13:00. 20.5.

முருங்கை காய்த்துவிட்டது. ஒவ்வொரு காயும் ராக்கெட் நீளம். நறுக்கி முடிக்க மூன்று நாள், தூக்கிச் சட்டியில் போட ஒரு கிரேன். சாம்பார் வைத்தேன். மனசு லேசாக உறுத்தியது. இரண்டாம் கரண்டி ஊற்றியதும் அடங்கிவிட்டது.

நாள் 447. காலை 09:20. 19.4.

காற்றுக்குழாயில் மல்லிகை வாசம். இரண்டாம் வீடு. என் அண்ணன் மகள் பேச்சிக்கனி, ஆறு மாத கர்ப்பிணி. அவள் புருஷன் நாள் 490-இல் வரும் சரக்குக் கப்பலில் திரும்புகிறான். பூ சும்மா பூக்காது, பொடி வேண்டும். நான்காம் வீட்டிலிருந்து புதினா வாசம். அது எங்கள் தலைவர் ஆவுடையப்பன்.

காவலன் என்ற முறையில் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். எந்த வாயால் கேட்பது? "கருவிக் கோளாறு" என்று பதிவேட்டில் எழுதி வைத்தேன்.

நாள் 458. காலை 10:00. 17.9.

குளம் மஞ்சளாகிவிட்டது. இங்கே காற்றழுத்தமும் பூமியில் முக்கால்தான், ஆக்சிஜன் ஒரு சதம் குறைந்தாலே நெஞ்சு சொல்லிவிடும். பொடி முழுதாகப் போட்டார்களா என்று பொதுத் தொடர்பில் எல்லா வீட்டையும் கேட்டேன்.

ஆவுடையப்பன்: "எங்க வீட்டுல ஒரு மணி கொறையல வே! மத்த வீட்டக் கேளும்."

ஆறு வீட்டிலும் இதே பதில். நானும் கணீரென்று அறிவித்தேன்: "ஏழாம் வீடு, முழுப் படி!" அரிச்சந்திரன் கேட்டிருந்தால் என்னிடம் பாடம் படிக்க வந்திருப்பான்.

பேச்சிக்கனி: "சித்தப்பா, நாலு எட்டு வச்சா நெஞ்ச அடைக்கி. புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?"

"உம் புள்ள பொறந்த அன்னிக்கே செவ்வாய ஒம்போது சுத்து ஓடுவான் மக்கா" என்றேன். சிரித்தாள். சிரிப்பு முடியும் முன்னே இருமினாள். தொடர்பை அணைத்துவிட்டேன்.

நாள் 463. காலை 08:15. 16.8.

கணக்குப் போட்டேன். எல்லா வீட்டு மூட்டையும் காலி. சத்து முழுக்கச் செடிகளில் நிற்கிறது. எல்லாச் செடியையும் இங்கே தூக்கி வந்து, குளக்கரை இயந்திரத்தில் அரைத்துக் கரைத்தால் கப்பல் வரும்வரை தாங்கும். இல்லையென்றால் தாங்காது.

பொதுத் தொடர்பில் இந்தக் கணக்கைச் சொன்னேன். கூடவே இதையும் சொல்லிவிட்டேன்: "மொதல்ல எடுத்தவன் நாந்தான். முருங்கைக்கு எடுத்தேன்."

காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன்.

ஆவுடையப்பன்: "அது அன்னிக்கே தெரியும் வே. சாம்பார் வாசம் ஏழு வீட்டுக்கும்லா வந்துச்சு. காவக்காரரே எடுக்காருன்னா மிச்சம் கெடக்குன்னுல்லா நெனச்சோம்."

ஏழு வீட்டுக்கும் காற்றுக்குழாய் ஒன்றுதானே. எனக்கு அது தோன்றவே இல்லை.

நாள் 464. பகல் 12:30. 16.4.

முருங்கையை வேரோடு பிடுங்கி அரைத்து ஊற்றினேன். ஆக்சிஜன் மானியின் முள் மயிரிழை மேலே அசைந்தது. மற்ற வீடுகளைக் கூப்பிட்டேன்.

மூன்றாம் வீட்டுக் குணவதி மதினி: "மத்தவங்க போட்டாச்சா?"

இல்லை என்றேன்.

"அப்ப நாங்க மட்டும் என்ன இளிச்சவாயா?"

ஐந்து வீட்டிலும் அதே கேள்வி. பேச்சிக்கனியை நான் கேட்கவில்லை. அவள் நடக்கும் நிலையில் இல்லை.

நாள் 465. காலை 07:40. 15.7.

தலை கனக்கிறது. ஆனால் சொரிமுத்துவின் மூளைக்கு மரணம் இல்லை! அந்த ஐந்து வீட்டையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, "மத்த எல்லாரும் போட்டாச்சு, ஒங்க வீடுதான் பாக்கி" என்றேன். சாணக்கியன் காலடியில் விழுவான் என்று மார்தட்டினேன்.

குணவதி மதினி: "போட்டாச்சா? நல்லதாப் போச்சு கொழுந்தனாரே. அத்தன பேரு போட்ட பொறவு எங்க வீட்டு நாலு தக்காளிச் செடியில என்ன வந்துரப் போவுது?"

ஐந்து வீடு. ஐந்திலும் இதுதான்.

இதற்கு மேல் என்னிடம் தந்திரம் இல்லை.

நாள் 466. பகல் 11:40. 15.1.

வீடுகளைக் குளத்தோடு இணைக்கும் சுரங்கவழியில் காலடிச் சத்தம். பேச்சிக்கனி. முகத்தில் மூச்சுமூடி, முதுகில் காற்றுப்புட்டி, இடுப்பில் மல்லிகைத் தொட்டி. நூற்றிருபது அடியை எப்படி நடந்தாளோ. நான் கூப்பிடவில்லை. இதைப் படிப்பவரே, நான் அவளைக் கூப்பிடவே இல்லை.

11:52.

மல்லிகையைப் பூவோடு அரைத்து ஊற்றினேன். முள் அசையவில்லை. அவளைக் கரையில் சாய்த்து உட்காரவைத்தேன். புட்டியில் இன்னும் ஆறு மணி நேரக் காற்று. மூடியைக் கழற்றாமல் இருந்தால் பிள்ளை தாங்கும். வேறு வழி யோசிக்க ஆறு மணி நேரம்

11:58.

மூச்சுமூடி ஒலிபெருக்கியில் கேட்கிறாள்: "மத்த வீட்டுக்காரங்கல்லாம் வந்து போட்டுட்டுப் போயாச்சா சித்தப்பா?"

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எல்லாரும் வந்து போட்டாச்சு மக்கா. நீதான் கடைசி."

"அப்பாடா. அப்ப எனக்கு எதுக்கு இந்தப் புட்டி? முடியாதவங்க ஆருக்காவது குடுங்க."

12:01.

பட்டையை அவிழ்த்துவிட்டாள். உதடு நீலம். மாட்டிக்கோ மக்கா, மாட்டிக்கோ என்கிறேன். எதுக்கு என்கிறாள். எல்லாரும்தான் போட்டாச்சே என்கிறாள். சிரிக்கிறாள். உண்மையைச் சொல்லிவிட்டேன். எப்போதும் போலக் கதை அளக்கிறேன் என்று நினைத்து இன்னும் சிரிக்கிறாள். கையால் மூடியைத் தள்ளிவிடுகிறாள் நான்