துவைக்காத சேலை

18.6.2007, திங்கள்

மறுபடியும் காலேஜ். பி.ஏ. வரலாறு, மூன்றாம் வருடம். இரண்டு வருடம் படித்து, கல்யாணமாகி, தேன்மொழி பிறந்து, பாதியில் விட்டதை இந்த ஒரு வருடத்தில் முடித்தாக வேண்டும். அவருக்குப் பெண்ணாடம் ஆலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் கீரப்பாளையம் வருவார். வீட்டில் இருப்பது அவருடைய அக்கா ஞானாம்பாள் மட்டும், அண்ணி என்று நான் கூப்பிடுவது அவளைத்தான். அண்ணி விடிந்தால் நடவு, களை என்று கிளம்பிவிடுகிறாள். "ஒன்ற வயசு புள்ளைய இடுப்புல கட்டிக்கினு நான் நாத்து நடறதாடி?" என்று கேட்டுவிட்டாள். அவளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, வாய் மட்டும் இருக்கிறது.

அதனால்தான் காப்பகம். சிதம்பரத்தில் சர்ச்சுக்குப் பின்பக்கம் ஒரு ஓட்டுக் கூடம். படிக்க வரும் ஏழைத் தாய்மாருக்காக நடத்துகிறார்களாம். காசு வாங்குவதில்லை. பாலும் மதியம் பருப்பு சாதமும் அவர்களே தருகிறார்கள்.

ஏன்? இந்த ஊரில் தண்ணீர் பாக்கெட்கூட சும்மா கிடைக்காது. ஊரார் பிள்ளையை இவர்கள் ஏன் சும்மா பார்த்துக்கொள்ள வேண்டும்?

19.6.2007

காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது ஜெயமேரி என்று ஒரு அக்கா. நாற்பது வயதிருக்கும். தேனுவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நாளைக்கி வரும்போது ஒன் சேலை ஒண்ணு எடுத்தாம்மா. தூளி கட்டணும்" என்றாள்.

சரி என்றேன்.

"தொவைக்காததா இருக்கணும். நீ கட்டி அவுத்தத அப்படியே சுருட்டி எடுத்தா."

"தொவைக்காதது எதுக்குக்கா?"

"அம்மா வாசன இருந்தாதான் புள்ள அடங்கும்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வாசனையாம்! உடம்பிலிருந்து அவிழ்த்த துணியை எதற்குக் கேட்பார்கள் என்று எனக்கா தெரியாது? தலைமுடி, கட்டின துணி, காலடி மண் மூன்றும் அடுத்தவர் கைக்குப் போகக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். எங்கள் அம்மா தெருவில் காத்தவராயன் மாமா பெண்சாதி ஒரு ரவிக்கை காணாமல் போய் ஆறு மாதம் படுத்துக் கிடந்தாள். செய்வினை என்றார்கள். வரலாறு படிப்பவள் இதையெல்லாம் நம்பலாமா என்றால், நம்பவில்லை. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

20.6.2007

சேலை கொடுத்துவிட்டேன். என்னுடையது இல்லை.

அண்ணியின் கத்திரிப்பூ கலர் சேலை ஒன்று டிரங்குப் பெட்டிக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்துக் கசக்கி, கட்டி அவிழ்த்த மாதிரி தெரியட்டும் என்று அடுப்படியில் இரண்டு புரட்டு புரட்டி, சுருட்டிக்கொண்டு போனேன். யாராவது எதையாவது செய்தால் சேலைக்கு உரியவளுக்குத்தானே ஆகும்? எனக்கும் ஆகாது, என் பிள்ளைக்கும் ஆகாது.

பாவம்தான். ஆனால் மனசு லேசாக இருக்கிறது.

2.7.2007, திங்கள்

தேனு காப்பகத்தில் தூங்குவதே இல்லையாம். சாயங்காலம் போனால் முகம் வீங்கி, கண் சிவந்து கிடக்கிறாள். "எல்லாம் தூங்குதுவ, ஒம் பொண்ணு மட்டும் கண்ண மூட மாட்டேங்குது" என்று ஜெயமேரி அக்கா சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மற்ற பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எப்படித் தூங்குகின்றன? அதுவே சரியாகப் படவில்லை. மருந்து ஏதாவது ஊற்றுகிறார்களா?

9.7.2007

கடலூர் ஆபீசிலிருந்து சகாயநாதன் என்று ஒருவர் வந்து பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துப் போட்டோ எடுத்தார். "மேல காட்டணும்மா, அப்பதான் தொடர்ந்து நடத்த உடுவாங்க." மேலே என்றால் யார்? நான் தேனுவின் முகத்தைத் தோளில் அழுத்திக்கொண்டேன். போட்டோவில் பின்னந்தலைதான் விழுந்திருக்கும்.

21.7.2007, சனி

ஐயோ.

அண்ணி வரப்பில் வழுக்கி விழுந்துவிட்டாள். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. பக்கத்து வயல்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்படியென்றால் நிஜம்தானா? அந்தச் சேலையை வைத்து ஏதோ செய்துவிட்டார்களா? எனக்கு வர வேண்டியது அவளுக்கு வந்துவிட்டதா?

தைலத்தைக் காய்ச்சித் தேய்த்துவிட்டேன். மறுபடி தேய்த்தேன். "போதும் வுடுடி, தோலு உரிஞ்சிடப் போவுது" என்று அண்ணியே கையைத் தட்டிவிட்டாள்.

23.7.2007

சேலையைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று போனேன். "தூளிய அவுத்துட்டா புள்ள எதுல படுக்கும்?" என்றாள் ஜெயமேரி அக்கா. "இப்பவே படுக்கலியே" என்றேன். "அதுக்குன்னு?" என்று சொல்லி நகர்ந்துவிட்டாள். ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறாள்?

வீட்டுக்கு வந்தால், அண்ணி நொண்டிக்கொண்டே பெட்டியைக் கிளறிக்கொண்டிருக்கிறாள். "என் கத்திரிப்பூ சேலைய பாத்தியாடி?"

"இல்லியே அண்ணி."

வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள்.

5.8.2007, ஞாயிறு

தேனு இளைத்துவிட்டாளாம். அவர் தூக்கிப் பார்த்துச் சொல்கிறார். எனக்குத் தெரியாதா, நான்தானே தினம் தூக்குகிறேன்! "தீபாவளிக்குள்ள புள்ள தேறலன்னா காலேஜ நிறுத்திடு வெண்மதி. எனக்கு நீ டீச்சராவ வேணாம், புள்ள நல்லா இருந்தா போதும்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அண்ணி வாயைத் திறக்கவில்லை. அவள் பேசாமல் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் ஜாஸ்தியாகிறது.

27.8.2007

இன்று கிளாசுக்குப் போகவில்லை. மத்தியானம் சர்ச்சைச் சுற்றிக்கொண்டு போய்க் காப்பகத்தின் பின்பக்க ஜன்னலில் நின்று பார்த்தேன். மருந்து பாட்டிலைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவோடுதான் போனேன்.

உத்தரத்தில் வரிசையாகத் தூளிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை தூங்குகிறது. கத்திரிப்பூ தூளி மட்டும் காலியாகத் தொங்குகிறது. தேனு ஜெயமேரி அக்கா தோளில் கிடந்து சிணுங்குகிறாள். அவள் ஒரு கையால் இவளைத் தட்டிக்கொண்டு, இன்னொரு கையால் நின்றபடியே சாப்பிடுகிறாள். இரண்டு வாய் சாப்பிடுவாள், கூடத்தை ஒரு சுற்று நடப்பாள், மறுபடி வந்து தட்டில் கை வைப்பாள். பாட்டில் எதுவும் இல்லை.

நான் வருவது முன்னாலேயே தெரிந்திருக்குமோ?

5.9.2007, புதன்

என்னால எழுதவே முடியல.

சாயங்காலம் தேனுவைக் கொடுக்கும்போது ஜெயமேரி அக்கா கதவோரம் கூப்பிட்டு, "கேக்கறேன்னு கோச்சிக்காத. வூட்ல யாரனா புள்ளைய அடிக்கிறீங்களா?" என்றாள்.

என்னையா! என்னைப் பாத்தா கேக்கறா? நான் என் புள்ளைய அடிப்பேனா? "வூட்ல நல்லா பாத்துக்கிட்டா புள்ள இப்படிப் பயந்துக்கினு இருக்காதும்மா. ரெண்டு மாசமா நானும் பாக்கறேன், உடம்புல காயம் கீயம் இருக்கான்னு" — தினம் என் பிள்ளையின் சட்டையைக் கழற்றிப் பார்த்திருக்கிறாள்! நான் அவளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம் அவள் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். எவ்வளவு கொழுப்பு!

பஸ்ஸில் வரும்போது அழுகை அழுகையாக வந்தது. நாளையிலிருந்து அங்கே விடக் கூடாது. விடாவிட்டால் எங்கே விடுவது? படிப்பு போயிற்று.

9.9.2007, ஞாயிறு

மூன்று நாளாகக் காலேஜும் இல்லை, காப்பகமும் இல்லை.

மத்தியானம் சமைத்துக்கொண்டிருந்தேன், தேனு சத்தமே இல்லை. தேடினால், துவைக்கப் போட்டிருந்த அழுக்குத் துணிக் குவியலில் கிடக்கிறாள். என் காலேஜ் சேலை ஒன்றை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டு, முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து தூங்குகிறாள். அண்ணி வயலுக்குக் கட்டிப்போன சேலையும் அதே குவியலில்தான் இருந்தது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டிருக்கிறாள்.

அப்படியே அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். குழம்பு தீய்ந்துபோனது.

காப்பகத்தில் இருந்த தூளிகள் எல்லாம் அந்தந்தப் பிள்ளையின் அம்மா சேலை. என் பிள்ளைக்கு மட்டும் அண்ணியின் பெட்டிச் சேலை. இவ்வளவு நாளும் யார் சேலையிலோ படுக்கவைத்து அழவிட்டவள் நான்தான். ஜெயமேரி அக்கா அன்றைக்கே சொன்னாள், சிரித்துக்கொண்டே. நான் அந்தச் சிரிப்பைத்தான் பார்த்தேன்.

10.9.2007

நேற்று முழுக்கக் கட்டிய சேலையைச் சுருட்டிக்கொண்டு போனேன். கொடுக்கும்போது பயம் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

சாயங்காலம் ஜெயமேரி அக்கா வாசலிலேயே நின்றாள். "இன்னிக்கி அடிச்சிப் போட்டாப்புல தூங்குச்சி! இன்னா பண்ண?"

கத்திரிப்பூ சேலையைக் கேட்டேன். "அது இருக்கட்டும்மா, வெள்ளிக்கிழமை ஒரு புள்ள புதுசா வந்துச்சி. அதுங்கம்மா மாத்துச் சேல இல்லன்னுச்சி, அதுல போட்டேன். நல்லா தூங்குது." அந்தப் பிள்ளை எதில் போட்டாலும் தூங்கும் போலிருக்கிறது. அதற்கு மேல் எப்படிக் கேட்பது?

8.11.2007, தீபாவளி

தேனு கன்னம் உப்பிவிட்டது. அவர் தூக்கிப் பார்த்தார். காலேஜைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

21.4.2008, திங்கள்

கடைசிப் பரீட்சை. முதலில் இருந்து எழுதுகிறேன், இல்லாவிட்டால் பாதியை மறந்துவிடுவேன்.

விடியற்காலையே தேனுவுக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்துத் தூக்கிக்கொண்டு காப்பகத்துக்குப் போனேன். தூளியில் போட்டதும் வாந்தி எடுத்து, தூளிச் சேலை முழுக்க நனைந்துவிட்டது. பரீட்சைக்கு அரை மணி நேரம்கூட இல்லை. பிள்ளை என் கழுத்தை விடவில்லை. போகட்டும், அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டேன்.

"கட்டியிருக்கறத அவுரு" என்றாள் ஜெயமேரி அக்கா.

"நான் இன்னாத்தக் கட்டிக்கினு போறது?"

அவள் கதவைச் சாத்திவிட்டுத் தன் சேலையை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டாள். "புள்ளைவள குளிப்பாட்டறதுக்கு நைட்டி ஒண்ணு வச்சிருக்கேன். மேல துண்டு போட்டுக்கினா ஆச்சி. நீ கெளம்பு."

அவள் உடம்புச் சூடு ஆறாத பச்சைச் சேலை. அதில் பால் பவுடர், பினாயில், வேர்வை எல்லாம் கலந்து அடித்தது. என் மெரூன் ரவிக்கைக்கு மேல் அதைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். ஹாலில் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வினாத்தாள் வாங்கும்போதுதான் உறைத்தது. கட்டி அவிழ்த்த சேலையை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டாள். நான் அதை வைத்து என்ன செய்வேன் என்று அவள் யோசிக்கவே இல்லை. அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு எழுதினேன். நன்றாகவே எழுதினேன்.

திரும்பி வந்தால், காப்பகத்தில் அண்ணி உட்கார்ந்திருக்கிறாள். காய்ச்சல் பிள்ளையை நினைத்துப் பாதி வேலையில் கிளம்பி வந்தாளாம், கால் சேறுகூடக் காயவில்லை. தேனு என் சேலைத் தூளியில் தூங்குகிறாள், அண்ணி ஆட்டிக்கொண்டிருக்கிறாள். பக்கத்துக் கொக்கியில் கத்திரிப்பூ தூளி. உள்ளே வேறு பிள்ளை.

அண்ணி அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கீரப்பாளையம் வரும்வரை பஸ்ஸில் தேனுவைத் தன் மடியிலேயே போட்டுக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து, அடுப்படியில், திரும்பாமலே கேட்டாள்: "தொவைக்காத ஒன் சேலதான் கேட்டேன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சி. ஏண்டி, அவுங்க எதனா செஞ்சாங்கன்னா எனக்கு ஆவட்டும்னுதான குடுத்த?"

நான் தேனுவைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

"கணுக்காலு வீங்குனப்ப இவ ஏன் இப்படி வுழுந்து வுழுந்து தைலம் தேய்க்கிறான்னு பாத்தேன். இப்பதான் புரியுது." அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். "எழுதிட்டியா, இல்லியா?"

"எழுதிட்டேன் அண்ணி."

"சாப்புடு."

16.6.2008, திங்கள்

பாஸ். எல்லாப் பேப்பரும். அவர் ஆலையிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து, என்னைக் கூப்பிடச் சொல்லிப் பேசினார்.

ஜெயமேரி அக்காவின் பச்சைச் சேலையைத் துவைத்து, கஞ்சி போட்டு அப்போதே கொடுத்துவிட்டேன். போன வருடம் ஜூன் மாதத்தில் எனக்குள் என்ன ஓடியது என்று இன்னும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

நாளை கடலூருக்குப் போய் வேலைவாய்ப்பு ஆபீசில் பதிய வேண்டும். திரும்ப இருட்டிவிடும். தேனுவை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சேலையை அவிழ்த்து வாளியில் போடப் போனபோது அண்ணி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கி நான் வயலுக்குப் போவல. புள்ள என்னாண்ட இருக்கட்டும், உத்தரத்துல தூளி கட்டறேன். இத தொவைக்காம குடு."

கொடுத்தேன். பழக்கதோஷம், கொடுக்கும்போது அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். அவளும் பார்த்தாள்.

"நீ கத்திரிப்பூ சேலைய குடுத்தாப்புல இல்லடி இது, பயப்படாத" என்றாள்.