சாப்பாட்டு நேரத்தில் அடித்த போன்

அன்புள்ள பாப்பாவோட அப்பாவுக்கு,

நீங்க, அத்தை, பாப்பா எல்லாரும் சுகமா? உங்க முதுகுவலி தேவலையா? கடல் தாண்டி வந்திருந்தாலும் நான் நல்லாத்தான் இருக்கேன்.

ஒரு சின்ன விஷயம், பதறாதீங்க. நான் வேலை பார்க்கிற லாண்டரியில் போர்வைக்கு இஸ்திரி போடும்போது போனைப் பார்த்துக்கிட்டே கையைச் சுட்டுக்கிட்டேன். கொப்புளம் வத்திடுச்சு. சூப்பர்வைசர் அம்மா, “வேலை முடிஞ்சதும் வாங்கிக்கோ”ன்னு போனை அலமாரியில் வச்சுப் பூட்டிட்டாங்க. அன்னிக்கு முழுக்க என் கை சும்மா சும்மா பையைத் தடவிச்சு.

வெளியே வந்ததும் உங்களை ஏழு தடவை கூப்பிட்டேன். யாரும் எடுக்கலை. கால் ஒரு இடத்தில் நிக்கலை, என்னென்னமோ நினைச்சுட்டேன். அப்புறம்தான் உறைச்சது, அங்கே சாப்பாட்டு நேரம். அந்த நேரத்தில் யாரும் போனைத் தொடக்கூடாதுன்னு சட்டம் போட்டதே நான்தானே! போன மாசம் நீங்க சாப்பிடுற நேரத்தில் அத்தை போனில் வீடியோவில் நான் பேசிக்கிட்டிருக்க, நீங்களும் பாப்பாவும் ஆளுக்கொரு போனைப் பார்த்தபடி “ம்” கொட்டினீங்களே, அது பொறுக்காமத்தான்.

இனிமேலும் எடுக்காதீங்க. நான் எத்தனை தடவை அடிச்சாலும் எடுக்காதீங்க. ஆனா சாப்பிடும்போது என்ன பேசிக்கிட்டீங்கன்னு பாப்பாவை எழுதி அனுப்பச் சொல்லுங்க. சண்டை போட்டிருந்தா அதையும் விடாம எழுதட்டும்.

வேலைக்குப் போற வண்டி வந்துடுச்சு.

உங்கள்,
பாப்பாவோட அம்மா