நீ விட்டுப்போன நாவலைப் படித்தேன்

பாலக்கரை, திருச்சி

அன்பு மகள் ஆஃப்ரினுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் என் சுகர் மட்டுக்குள் இருக்கிறது, நீயும் அந்தக் குளிர் ஊரில் இருமல் இல்லாமல் இருக்க துஆ செய்கிறேன்.

உன் அத்தா நம்மை விட்டு மவுத்தாகி இன்றோடு எழுபத்தொரு நாள். அவருக்காக நான் இருக்கும் இத்தா முடிய இன்னும் ஐம்பத்தொன்பது நாள், அதுவரை வாசல் தாண்டக் கூடாது. துணைக்கு வந்திருக்கும் உன் மாமி டிவி போட விடுவதில்லை, அதனால் உன் அலமாரியைக் குடைந்தேன், காலேஜ் படிக்கும்போது நீ வாங்கிய நாவல் கிடைத்தது. அந்தக் கதையில் வருகிறவன் என்ன ஆளடி! லாட்ஜில் தனியாகக் கிடக்கிறான், கூடப் பிறந்தவள் பஸ் மாறி மாறிச் சோறு கொண்டு வந்து கதவைத் தட்டுகிறாள், அவள் செருப்புச் சத்தம் படி இறங்கும் வரை உள்ளே மூச்சு விடாமல் படுத்திருக்கிறான். நாசமாய்ப் போறவன் என்று புத்தகத்தை அரிசி டிரம் மேல் வீசிவிட்டேன். வேறு போக்கிடம் இல்லாமல் மறுநாள் நானே எடுத்தேன்.

இங்கே என்னைத் தனியாக விடுவதே இல்லை. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று ஆள் மாற்றி ஆள். பக்கத்து வீட்டு ஷாஜியா, அழுதுடுங்கக்கா, மனசு லேசாயிடும் என்கிறாள். எல்லோரும் நல்லவர்கள்தான், எனக்குத்தான் மூச்சு முட்டுகிறது. நேற்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். மாமி வந்து தட்டினார். நான் பதில் சொல்லவில்லை ஆஃப்ரின், அவர் போகட்டும் என்று காத்திருந்தேன். அவனைத் திட்டியது நினைவுக்கு வந்து வெட்கமாகிவிட்டது.

நாவலின் பாதியில் அவன் வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு, பிரியத்தை வைத்தே என்னைப் பூட்டுகிறார்கள் என்கிறான். பக்கத்தில் பென்சிலால் ‘நானும்’ என்று எழுதியிருக்கிறாய். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா. என்ன குறை வைத்தோம் என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு, ட்யூஷன் முடியும் வரை அத்தா வாசலிலேயே நின்றதும், நீ மாடியில் ஐந்து நிமிடம் நின்றால் நான் கீழிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்ததும் நினைவுக்கு வந்தன. அன்று பார்த்திருந்தால் அடித்திருப்பேன், இன்று புரிகிறது.

வேலையை விட்டுவிட்டு என்னோடேயே இருக்க வருகிறேன் என்கிறாய். நீ வந்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. ஆனால் நான் வெளியே போக ஒரு தேதி இருக்கிறது. நீ வந்துவிட்டால் உனக்கு அது கிடையாது. வர வேண்டாம்மா.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் சுகமும் தரட்டும். வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. ஒன்று மறக்காதே. வெள்ளிக்கிழமை நீ போன் செய்யும்போது மாமி ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருப்பார், எல்லோர் முன்னாலும் நான் வா வா என்றுதான் சொல்வேன், அழுதாலும் அழுவேன். அதைக் கேட்காதே, இதைக் கேள்.

உன் அம்மா
நஜ்முன்னிசா